முதலில் ஆர்டர் தாளைத் திருத்துங்கள்: ஃபேஷன் பிராண்டுகளின் கொள்முதல் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆடை பிராண்டுகளின் கொள்முதல், மெர்ச்சண்டைசிங், நிலைத்தன்மைப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஆண்டறிக்கைகளில் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு பகுதி, சுற்றுச்சூழலுக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக இருந்தது. இப்போது இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். ஏஐ வந்ததால் கழிவு குறைகிறது, கார்பன் குறைகிறது என்று எழுதுகிறீர்கள். துணி, சாயம், கட்டிங், தையல், பழைய துணி பிரிப்பு என்று இந்தத் தொழிலின் பல கட்டங்களில் வேலை பார்க்கும் நாங்கள் அந்தக் கருவிகளை அன்றாடம் கையாளுகிறோம். அவை வேலை செய்யத்தான் செய்கின்றன. ஆனால் எங்கள் மேஜையில் அவற்றால் மிச்சம் பிடிக்க முடிவது கொஞ்சம். மிச்சம் பிடிக்க வேண்டிய துணியின் பெரும்பகுதி உங்கள் ஆர்டர் தாளில் கிடக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் டி-ஷர்ட்டுகள், தைத்து முடித்த ஒரு பீஸில் 150 கிராம் துணி. மார்க்கர் (துணியில் வெட்டு வடிவங்களை அடுக்கும் வரைபடம்) பயன்பாடு 82 சதவீதம், அதாவது விரித்த துணியில் அவ்வளவுதான் ஆடையாகிறது என்றால் ஒரு பீஸுக்கு 183 கிராம் துணி வெட்ட வேண்டும். ஏஐ மார்க்கர் மென்பொருள் அதை 84 சதவீதத்துக்கு ஏற்றிக் கொடுத்தால் 178.6 கிராம் போதும். மொத்த ஆர்டரில் மிச்சம் சுமார் 436 கிலோ. கட்டிங் மாஸ்டருக்கு இது பெரிய வெற்றி, 2 சதவீதம் யாரும் சும்மா தருவதில்லை. இதே ஆர்டரில் 15 சதவீதம் விற்காமல் கிடங்கில் நின்றால்? 15,000 பீஸ், 2,680 கிலோ துணி. மார்க்கரில் மிச்சம் பிடித்ததைப் போல ஆறு மடங்கு. அதுவும் நூற்று, பின்னி, சாயமேற்றி, தைத்து, கப்பலில் ஏற்றிய துணி. கட்டிங் மேஜையின் கீழே விழும் துண்டுக்கு அவ்வளவு செலவு ஆவதில்லை. மறுசுழற்சிக்காரர்கள் விரும்பி வாங்குவதும் அந்தத் துண்டைத்தான், ஏனென்றால் அதில் என்ன நார் இருக்கிறது என்பது தெரியும்.

ஆகவே முதலில் தேவைக் கணிப்பு. ஏஐ கணிப்பு மாடல்கள் பழைய எக்செல் தாளைவிட நன்றாகக் கணிக்கின்றன, சந்தேகமில்லை. அவற்றுக்கு நீங்கள் ஊட்டும் தரவில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, சரக்கு தீர்ந்துபோன நாட்கள். மீடியம் சைஸ் இரண்டாம் வாரமே தீர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு விற்பனைப் பதிவில் பூஜ்யம்தான் இருக்கும். யாரும் கேட்கவில்லை என்று மாடல் அதைப் படித்துக்கொள்கிறது. அடுத்த சீசனில் மீடியம் குறைந்து டபுள் எக்ஸெல் கூடும். கையிருப்பு பூஜ்யமாக இருந்த நாட்களைத் தனியாகக் குறித்து, அவற்றைப் பயிற்சித் தரவிலிருந்து நீக்க வேண்டும் அல்லது திருத்தி ஊட்ட வேண்டும்.

இன்னொன்று, தள்ளுபடி விற்பனை. பாதி விலைக்குத் தள்ளிவிட்ட 4,000 பீஸையும் முழு விலைக்குப் போன 6,000 பீஸையும் கூட்டி, தேவை 10,000 என்று எழுதினால், போன வருடம் தவறாக வாங்கியதையே மாடல் இந்த வருடம் தேவையாகப் பரிந்துரைக்கும். முழு விலை விற்பனை ஒரு பத்தியில், தள்ளுபடி விற்பனை தள்ளுபடி அளவோடு வேறு பத்தியில் இருக்க வேண்டும். மாடலின் துல்லியத்தை அளக்கும்போதும் சராசரிப் பிழை சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். 20 சதவீதப் பிழை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அது ஒரு கதை, எப்போதும் மேல் பக்கமே இருந்தால் அது வேறு கதை.

இதையெல்லாம் சரிசெய்தாலும் நீங்கள் அதிகமாகத்தான் வாங்குவீர்கள். இந்தக் கடிதத்தின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஒரு பீஸ் உங்களுக்கு 6-க்கு வருகிறது, 30-க்கு விற்கிறீர்கள், மிஞ்சினால் 4-க்குத் தள்ளிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் விகிதம் ஒன்றுதான். ஒரு பீஸ் குறைவாக வாங்கினால் இழப்பு 24. ஒரு பீஸ் அதிகமாக வாங்கினால் இழப்பு 2. எவ்வளவு வாங்கலாம் என்பதற்குச் சரக்கு மேலாண்மைப் பாடத்தில் இருக்கும் பழைய சூத்திரம், 24-ஐ 26-ஆல் வகுக்கச் சொல்லும். விடை 92 சதவீதம். அதாவது பதிமூன்று தடவையில் ஒரே ஒரு தடவை மட்டும் சரக்கு பற்றாமல் போகும் அளவுக்கு வாங்கு என்கிறது கணக்கு. தேவையின் சராசரி 10,000, ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) 3,000 என்றால் ஆர்டர் 14,300. ஏஐ நன்றாக வேலை செய்து அந்த ஏற்ற இறக்கத்தை 2,000-க்குக் கொண்டுவந்தாலும் ஆர்டர் 12,900. சராசரி தேவைக்கு மேல் 2,900 பீஸ். தெரிந்தே, கணக்குப் போட்டு வாங்கியவை அவை. மாடலிடம் தவறே இல்லை. அது உங்கள் விலைக் கட்டமைப்புக்கு விசுவாசமாக நடந்துகொள்கிறது.

மிஞ்சும் பீஸின் விலையை மாற்றுங்கள், ஆர்டர் தானாக இறங்கும். தள்ளிவிடும் வழி இல்லை, மிஞ்சினால் முழு அடக்கமும் நஷ்டம் என்று வைத்தால் 24-ஐ 30-ஆல் வகுக்க வேண்டும், 80 சதவீதம், ஏற்ற இறக்கம் அதே 2,000 என்றால் ஆர்டர் 11,700. கிடங்கு வாடகை, பிரிப்புச் செலவு, அப்புறப்படுத்தும் செலவு ஆகியவற்றையும் அந்தப் பீஸின் தலையில் ஏற்றினால் இன்னும் இறங்கும். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: உங்கள் கணிப்பு மென்பொருளில் மிஞ்சும் பீஸுக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள் என்பதை நிலைத்தன்மைப் பிரிவும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இப்போது அந்த எண்ணை நிதிப் பிரிவு மட்டும்தான் பார்க்கிறது.

சட்டமும் அந்தப் பக்கமே போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ம் ஆண்டு சூழல் வடிவமைப்பு விதிமுறை, விற்காத ஆடைகளையும் காலணிகளையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை விதிக்கிறது. நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 வரை அவகாசம். 2018-ல் பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பெரி தன் ஆண்டறிக்கையில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததாகக் காட்டி, எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது நினைவிருக்கும். எரிக்கக் கூடாது என்று சட்டம் வந்தால் சரக்கு வேறு எங்கோ போக வேண்டும். வேறு எங்கு என்பதற்குக் கொள்முதல் நேரத்திலேயே விடை இருக்க வேண்டும்.

"நாங்கள் சின்ன லாட்டாகப் போட்டுப் பார்த்து, ஓடுவதை மட்டும் கூட்டுகிறோம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஸ்டைலுக்கு 100, 200 பீஸ் போடும் முறையில் ஸ்டைலுக்கு ஸ்டைல் மிஞ்சும் சரக்கு குறையும், உண்மை. ஆனால் ஸ்டைல்களின் எண்ணிக்கை பல மடங்காகும்போது மொத்த எடை ஏறும். டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் கணக்கில் உலக நார் உற்பத்தி 2023-ல் 12.4 கோடி டன், 2024-ல் 13.2 கோடி டன். இதில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். கணிப்பு மென்பொருள் விற்பனை சூடு பிடித்த அதே ஆண்டுகளில்தான் இந்த ஏற்றம். ஒரு ஸ்டைலுக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதோடு, சீசனில் மொத்தம் எத்தனை டன் வாங்கினீர்கள் என்பதையும் வெளியிடுங்கள்.

சின்ன லாட் முறை உண்மையில் பலன் தர வேண்டுமானால் முடிவைத் தள்ளிப்போட வழி செய்ய வேண்டும். நூலும் கிரே துணியும் (சாயமேற்றாத துணி) முன்கூட்டி, நிறமும் சைஸ் விகிதமும் பின்னால். ஆர்டரில் 60 சதவீதத்துக்கு மட்டும் நிறம் சொல்லிவிட்டு, மீதி 40-ஐ முதல் மூன்று வார விற்பனையைப் பார்த்துச் சொல்லலாம். சாயமேற்றி, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இறுக்கும் வேலை) முடித்து, தைத்து அனுப்ப எங்களுக்கு நான்கைந்து வாரம் பிடிக்கும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கிரே துணி உங்கள் பொறுப்பு. இப்போது நடப்பது வேறு: "கணிப்பு மாறிவிட்டது" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது, துணி எங்கள் கிடங்கில் தங்குகிறது. உங்கள் மாடலின் பிழைக்கு நூல் மில்லும் தையல் ஆலையும் பணம் கட்டும்வரை உங்கள் மாடல் துல்லியமாகத்தான் தெரியும். கணிப்பை எங்களுக்கு அனுப்பும்போது ஒற்றை எண்ணாக அனுப்பாதீர்கள். குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் என்று மூன்று எண்களும், குறைந்தபட்சம்வரை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தமும் வேண்டும்.

அடுத்தது சாம்பிள். முப்பரிமாண மென்பொருளில் செய்யும் டிஜிட்டல் சாம்பிளால் முதல் புரோட்டோவையும் (முதல் மாதிரி ஆடை), நிறம்-பிரிண்ட் இடம் பார்க்கும் சாம்பிள்களையும் தாராளமாக நிறுத்தலாம். ஃபிட் பார்க்கும் கட்டத்தில்தான் கோளாறு. மென்பொருளோடு வரும் ஆயத்த துணிக் கோப்பில் "காட்டன் ஜெர்சி 180" என்று இருப்பதை எடுத்து உடுத்திப் பார்த்து ஒப்புதல் தருகிறீர்கள். நிஜத் துணியின் எடை, தடிமன், நீட்சி, வளைவு, குறுக்கு இழுவை ஆகிய ஐந்தையும் அளந்து கோப்பு செய்யாதவரை அது படம்தான். அளக்க வேண்டியது பினிஷிங் முடிந்து, துவைத்து உலர்த்திய துணியை. கிரே துணியில் அளந்த நீட்சிக்கும் பினிஷ் ஆன துணியின் நீட்சிக்கும் சம்பந்தம் இருக்காது. ரிப் கழுத்துப்பட்டை, எலாஸ்டிக் இடுப்பு, உள்ளே பஞ்சு வைத்த ஜாக்கெட் இம்மூன்றிலும் திரையில் சரியாக உட்கார்ந்தது நிஜத்தில் உட்காராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திக்கு முந்தைய சாம்பிள் ஒன்றாவது துணியில் வேண்டும், அதுவும் துவைத்துப் பார்த்தது.

டிஜிட்டல் சாம்பிளுக்கு ஒப்புதல் தந்துவிட்டு "பாதுகாப்புக்கு" அதே சாம்பிளைத் துணியிலும் கேட்பது மிச்சம் இல்லை, இரட்டை வேலை. யாருடைய பாதுகாப்பு என்றும் தெரியவில்லை.

ஏஐ வரைந்த டிசைன்கள் வேறு ரகம். படத்தில் பிரிண்ட் பக்கத் தையலைக் கடந்து ஒரே ஓட்டமாகப் போகும். பட்டன் இருக்கும், பட்டன் பட்டி இருக்காது. தோளில் தொடங்கிய மடிப்பு எங்கே முடிகிறது என்று படத்துக்கே தெரியாது. பட்டுபோல வழிந்து கம்பளிபோலத் தடித்து நிற்கும் துணியைக் கேட்பார்கள். படம் வரைய ஒரு நிமிடம், அதைப் பேட்டர்னாக மாற்றப் பேட்டர்ன் மாஸ்டருக்கு இரண்டு நாள். எங்களிடம் வருவதற்குமுன் உங்கள் டெக்னிக்கல் டிசைனர் அதில் நான்கு விஷயங்களை நிரப்பித் தர வேண்டும்: பேனல் பிரிப்பு, ஒவ்வொரு தையலின் வகையும் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதும், துணியின் வகையும் எடையும், ஆக்சஸரீஸ் பட்டியல். நான்கையும் நிரப்ப முடியாத படம் சாம்பிள் அறைக்கு வரக் கூடாது. இந்த ஒரு வடிகட்டலே சாம்பிள் துணியில் நிறைய மிச்சம் பிடித்துவிடும்.

சாயத்தில் கணினிக்குப் புது வரவேற்பு எதுவும் தேவையில்லை. நிறமாலைமானி (நிறத்தை எண்ணாக அளக்கும் கருவி) வைத்து ரெசிபி, அதாவது சாயக் கலவை விகிதம், கணிப்பது பல பத்தாண்டுப் பழக்கம். ஏஐ சேர்த்தது, பழைய லாட்டுகளின் விலகலைப் படித்து ரெசிபியைத் திருத்துவது. முதல் தடவையிலேயே ஷேட் பிடிப்பது முக்கியம், ஏனென்றால் மறுசாயம் என்றால் மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி கொதிகலன். பாலியெஸ்டருக்கு 130 டிகிரி, காட்டனுக்கு ரியாக்டிவ் சாயத்தில் பெரும்பாலும் 60 டிகிரி, பிறகு சோப்புக் கழுவல் 90-க்கு மேல். ரெசிபி எவ்வளவு நன்றாகக் கணித்தாலும் மூன்று இடங்களில் கெடும்: ஆய்வகத்தில் 1-க்கு 10 (ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர்) என்ற தண்ணீர் விகிதத்தில் பிடித்த ஷேட் பெரிய இயந்திரத்தில் 1-க்கு 6-ல் மாறும், காட்டன் லாட் மாறும், தண்ணீரின் கடினத்தன்மை மாறும். இவை மூன்றும் பதிவாகாத சாயப்பட்டறையில் ஏஐ வாங்கி வைப்பது வீண்.

உங்கள் பங்கு இங்கே சின்னது, ஆனால் செலவில்லாதது. லேப் டிப்பை (ஆய்வகத்தில் சாயமேற்றிய நிற மாதிரித் துண்டு) கூரியரில் நான்கு சுற்று வரவழைப்பதை விட்டுவிட்டு நிறமாலைத் தரவுக் கோப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். டி65 ஒளியில் (பகல் வெளிச்சத்துக்கான தர ஒளி) சிஎம்சி என்ற நிற அளவுகோலில் நிற வேறுபாடு 1-க்குள் இருந்தால் ஒப்புதல் என்று எழுதிக் கொடுங்கள். அடர் நீலம், கறுப்பு போன்றவற்றுக்குக் கண்ணால் பார்க்கும் உரிமையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வந்த புகைப்படத்தைப் பார்த்து "கொஞ்சம் சிவப்படிக்கிறது" என்று நிராகரிக்கும் வழக்கம் மட்டும் ஒழிய வேண்டும்.

பின்னல் இயந்திரத்தின் மேலேயே கேமரா வைத்து ஊசிக்கோடு, ஓட்டை, லைக்ரா விடுபடல் ஆகியவற்றைப் பிடிப்பது நல்ல முதலீடு. சாயத்துக்குப் பின் கண்டுபிடித்தால் ஒரு ரோலே போகும், பின்னும்போதே பிடித்தால் சில மீட்டரோடு நிற்கும். வெள்ளை ஜெர்சியில் பழகிய மாடலை பல நிற நார் கலந்த மெலாஞ்சிலோ நூல் அங்கங்கே தடித்த ஸ்லப் துணியிலோ போட்டால் துணியின் இயல்பையே குறை என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்திக்கொண்டே இருக்கும், ஆபரேட்டர் வெறுத்துப்போய் அதை அணைத்துவிடுவார். துணி வகைக்கு ஒரு பயிற்சி வேண்டும், லென்ஸில் படியும் பஞ்சை ஷிப்டுக்கு ஒரு தடவையாவது துடைக்க வேண்டும். தையல் லைனில் ஆளைக் கண்காணிக்கும் கேமராவை நிலைத்தன்மைப் பட்டியலில் சேர்த்திருக்கும் பிராண்டுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு தொழிலாளி கழிப்பறை போய்வந்த நேரத்தைக் கணக்கெடுப்பதால் எந்த நதியும் சுத்தமாகவில்லை. அந்தத் தரவை வைத்து ஒரு பீஸுக்கான நிமிடத்தைக் குறைத்து அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கார்பன் கணக்குக்கு வருவோம். ஆலையிலிருந்து தரவு வராத இடங்களைச் சராசரியால் நிரப்பும் வேலையை இப்போது ஏஐ செய்கிறது. பார்க்க முழுமையான அறிக்கைபோல இருக்கும். 2022-ல் நார்வே நுகர்வோர் ஆணையம் ஹிக் பொருள் குறியீட்டை (துணி வகைகளின் சுற்றுச்சூழல் பாதிப்பைச் சராசரி எண்ணாகத் தரும் கருவி) வைத்து நுகர்வோரிடம் செய்த சுற்றுச்சூழல் விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்று சொன்னதற்குக் காரணமே, பொதுச் சராசரி எண் ஒரு குறிப்பிட்ட சட்டையைப் பற்றி எதையும் நிரூபிக்காது என்பதுதான். அந்த எண்ணை மனிதர் எடுத்துப் போட்டாலும் மாடல் எடுத்துப் போட்டாலும் பலவீனம் ஒன்றே. ஐரோப்பாவில் 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரமில்லாத பொதுவான "பசுமை" வாசகங்களுக்கும், கார்பன் ஈட்டு வரவுகளை (வேறு இடத்தில் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகள்) வாங்கி "கார்பன் சமநிலை" என்று பொருளின் மேல் எழுதுவதற்கும் தடை. ஆகவே அறிக்கையில் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ஒரு குறி வையுங்கள்: மீட்டரில் அளந்தது, பில்லிலிருந்து கணக்கிட்டது, மாடல் ஊகித்தது. மூன்றாவது வகை எத்தனை சதவீதம் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். ஏஐ ஓடும் சர்வர்களின் மின்சாரத்தையும் அதே அறிக்கையில் சேருங்கள். உலகத் தரவு மையங்கள் 2024-ல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்ததாக சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது, உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். உங்கள் பங்கு அதில் துளியாக இருக்கலாம். துளி என்றே காட்டிவிட்டுப் போகலாமே.

கடைசியாகப் பழைய துணி. பிரிப்பு நிலையங்களில் அகச்சிவப்பு ஒளியை வீசி நார் வகையைக் கண்டுபிடிக்கிறார்கள், மாடல் திரும்பி வரும் ஒளியின் நிறமாலையைப் படித்து நொடிப்பொழுதில் காட்டன், பாலியெஸ்டர், கம்பளி என்று தள்ளுகிறது. ஸ்வீடனின் மால்மோவில் உள்ள சிப்டெக்ஸ் நிலையம் ஆண்டுக்கு 24,000 டன் பிரிக்கும் திறனோடு இப்படித்தான் அமைக்கப்பட்டது. இந்த ஒளி மேல் பரப்பை மட்டும் பார்க்கும். லைனிங் வைத்த கோட்டில் வெளித்துணியை மட்டும் சொல்லும். கரித்துகள் கலந்த கறுப்பு, ஒளியை விழுங்கிவிடுவதால் பிடிபடாது. ஈரத்துணியும் பூச்சு பூசிய துணியும் குழப்பும். இரண்டு மூன்று சதவீத எலாஸ்டேன் (லைக்ரா போன்ற நீளும் நார்) தப்பிவிடும், அதுவோ மறுசுழற்சிக்காரருக்குப் பெரிய தலைவலி: கிழிக்கும் இயந்திரத்தில் ரப்பர்போல இழுபட்டு உருளும், ரசாயன முறையில் கரைசலைக் கெடுக்கும்.

இதை மாடலால் சரிசெய்ய முடியாது, டிசைனர் மேஜையில்தான் முடியும். நெசவு பேண்ட் தவிர மற்றதில் எலாஸ்டேன் உண்மையிலேயே வேண்டுமா என்று கேளுங்கள். காட்டன் சட்டைக்குக் காட்டன் நூலே தேவைப்படும் மறுசுழற்சி முறை எது, பாலியெஸ்டர் நூலைப் பொறுக்கும் முறை எது என்று முன்பே விசாரித்துத் தையுங்கள். நார் விகிதத்தைத் துணியோடு தைத்த க்யூஆர் குறியில் போடுங்கள், ஏனென்றால் காகித லேபிளை வாங்கியவர் முதல் நாளே கத்தரித்துவிடுகிறார்.

இதையெல்லாம் செய்துவிட்டு மறுசுழற்சி நாரை வாங்காமல் போனால்? பழைய காட்டனிலிருந்து புது நாருக்கான கூழ் செய்த ஸ்வீடனின் ரீநியூசெல் நிறுவனத்துக்கு பிராண்டுகளின் ஆதரவு அறிவிப்புகளுக்குக் குறைவே இல்லை. ஆர்டர்தான் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2024 பிப்ரவரியில் திவால். தொழில்நுட்பம் தோற்கவில்லை, கூழ் தயாராகத்தான் இருந்தது. இப்போது வேறு உரிமையாளரின் கையில் சர்க்குலோஸ் என்ற பெயரில் இருக்கிறது. மறுசுழற்சி நாருக்கான கொள்முதலை மூன்று ஆண்டு, இத்தனை டன், இந்த விலைச் சூத்திரம் என்று ஒப்பந்தமாக எழுதினால்தான் வங்கி கடன் தரும். ஆதரவுக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த வங்கியும் ஆலைக்குப் பணம் கொடுப்பதில்லை.

அடுத்த சீசன் ஆர்டர் கோப்போடு மூன்று தாள்கள் சேர்த்து அனுப்புங்கள்: போன சீசனில் ஸ்டைல் வாரியாக வாங்கியது, முழு விலைக்கு விற்றது, தள்ளுபடியில் போனது, மிஞ்சியது ஆகியவற்றின் பட்டியல், கணிப்பு மென்பொருளில் மிஞ்சும் பீஸுக்குப் போட்டிருக்கும் விலை, குறைந்தபட்ச அளவுவரை கிரே துணியை ஏற்றுக்கொள்ளும் கையெழுத்திட்ட ஒப்புதல். இவை வந்தால் 40 சதவீத நிறத்தைப் பின்னால் சொல்லும் முறைக்கு எங்கள் பக்கத் திட்டத்தை நாங்கள் பதினைந்து நாளில் தருகிறோம்.

இப்படிக்கு,
துணி, சாயம், கட்டிங், தையல், பழைய துணி பிரிப்புத் தொழில்களில் பணியாற்றுவோர்